மணவாளக்குறிச்சி: கதிர்வீச்சு மீட்டரோடு கருமணலில் ஒரு நடை

குளச்சலுக்குக் கிழக்கே, வள்ளியாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியது மணவாளக்குறிச்சி. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த கையோடு போங்கள். கரையில் கருமணல் பட்டை பட்டையாகத் தெரியும். வெள்ளை மணலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். கதிர்வீச்சு வெளியிடும் தோரியம் என்ற தனிமம் அடங்கிய மோனசைட் கனிமத்துக்கு 5-ஐ ஒட்டி. அலை லேசானதை இழுத்துப் போய்விடும், கனமானது கரையில் தங்கிவிடும்.

கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், அது இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. சிவப்பு, கார்னெட் என்ற கனிமம். ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத் தாளில் பரப்பி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். தேன் நிறத்தில், முனை மழுங்கி உருண்ட மணிகள் தெரியும். அவைதான் மோனசைட். எடையில் 8 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்ஸைடு. திருவிதாங்கூரில் இருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிய மணலில்தான் 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைக் கண்டார். அன்று தோரியம் காஸ் விளக்கின் மேன்டிலுக்கு, அதாவது சுடரில் சூடாகி ஒளிரும் வலைக்கு, தேவைப்பட்டது.

பலர் மீட்டரை மணல்மேலேயே வைத்துவிடுகிறார்கள். மீட்டரில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் குழாயின் ஜன்னல் திறந்திருந்தால், ஊடுருவிச் செல்லும் காமா கதிரோடு, எளிதில் தடுபடும் பீட்டா கதிரையும் சேர்த்து எண்ணி அளவை ஊதிக் காட்டும். மூடியைப் போட்டு, தரையில் இருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்து, 5 நிமிடச் சராசரி எடுங்கள். மீட்டரை மெல்லிய பாலித்தீன் பையில் சுற்றினால் காமா குறையாது, ஈர உப்பு மணலும் பாட்டரி முனையை அரிக்காது. பட்டையை விட்டுப் பத்தடி நகர்ந்தாலே எண் மாறும். ஒரே ஓர் அளவை வைத்து ஊரையே எடைபோடக் கூடாது. உடலில் படும் கதிர்வீச்சின் அளவைச் சீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள்; 1,000 மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட். மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் என்றால், ஆண்டு முழுக்க அங்கேயே நிற்பவருக்கு 8.76 மில்லிசீவர்ட். ஒரு மணி நேரம் நடந்தவருக்கு அந்த 1 மைக்ரோ மட்டும்தான். எல்லா இயற்கை மூலங்களும் சேர்ந்து உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்.

மோனசைட் நீரில் அநேகமாகக் கரையாது, ஆகவே தோரியம் செடிகளின் வேருக்குள் ஏறுவது மிகக் குறைவு. தோரியம் சிதையும்போது உண்டாகும் ரேடியம் அதைவிட எளிதாக ஏறும். மனிதர்களைப் பற்றிய பெரிய ஆய்வு இதே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்தது. 69,958 பேரைச் சராசரியாக 10.5 ஆண்டு கவனித்தார்கள். 2009-இல் வந்த முடிவு: கதிர்வீச்சு கூடியதால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் 2002-இல் வெளியான வேறோர் ஆய்வு, கொல்லம் கரையில் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் (செல்லின் ஆற்றல் உறுப்பில் உள்ள மரபுப்பொருள்) மாற்றங்கள் அதிகம் என்றது. இரண்டாவதை மட்டும் சொல்லி அங்குள்ள குடும்பங்களை மிரட்டுவதும் தப்பு, அதை மறைத்து ஆறுதல் சொல்வதும் தப்பு.

தாளில் பரப்பிய மணலைக் கரையிலேயே கொட்டிவிடுங்கள். அணுசக்திச் சட்டத்தின்கீழ் மோனசைட் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். நினைவுக்கு என்றுகூட ஒரு டப்பாவில் எடுத்து வரக்கூடாது.