அம்மா, உன் மூஞ்சியக் கொஞ்சம் காட்டு

டிசம்பர் முதல் வாரம். சிட்னியில் கோடை தொடங்கி, இரவுச் சாப்பாட்டு நேரத்திலும் வெளிச்சம் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பெரியவள் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணுக்குப் பட்டையாக மை எழுதி, ஜன்னலோரம் நின்று போனைப் பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். ஏதோ ரீல்ஸ் எடுக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் போனைச் சோபாவில் வீசிவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, உன் மூஞ்சியக் கொஞ்சம் காட்டு."

"எதுக்குடி?"

"எனக்குப் பதினாறு ஆகலைன்னு கண்டுபிடிச்சிடுச்சு. நீ ஒரு தடவை போனைப் பார்த்துத் தலையை ஆட்டினா போதும்."

பதினாறு வயது ஆகாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த நேரம் அது. முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கிற செயலியிடம் மாட்டிக்கொண்டு, என் முகத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தாள். முடியாது என்றேன். அவள் விடவில்லை. "இந்தச் சட்டத்துல எனக்கும் தண்டனை கிடையாது, உனக்கும் கிடையாது, கம்பெனிக்குத்தான். உனக்கு என்ன போகுது?" அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சட்டத்தைச் சரியாகத்தான் படித்திருந்தாள். நான் தோசையைத் திருப்பப் போனதில் ஒரு பக்கம் கருகிவிட்டது. அதை அவள் தட்டிலேயே வைத்தேன்.

நாங்கள் திருச்சியிலிருந்து வந்தது 2025 ஏப்ரலில். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரி தொடக்கத்தில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அதனால் எட்டாம் வகுப்பின் நடுவில் போய் அவள் உட்கார வேண்டியிருந்தது. சின்னவனுக்கு ஒன்பது வயது. ஒரே வாரத்தில் நாலு பேரைப் பிடித்துவிட்டான். பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு அது நடக்காது. நாங்கள் இருப்பது டூங்காபி பக்கம். ரயிலடியில் இறங்கினாலே தமிழ் காதில் விழும். கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். இவ்வளவு தமிழர்கள் இருக்கிற இடத்தில் பிள்ளைக்கு என்ன கஷ்டம் என்று நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம்.

வந்த புதிதில் அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் கொண்டாட்டமாக இருந்தது: டிக்டாக். இந்தியாவில் அதை 2020 ஜூன் மாதமே தடை செய்துவிட்டார்கள். அப்போது இவள் சின்னப் பிள்ளை, பெயர் மட்டும்தான் தெரியும். இங்கே வந்ததும் கிடைத்தது. ஏழெட்டு மாதம் அனுபவித்தாள், அதற்குள் இந்த ஊரும் பிடுங்கிக்கொண்டது. இரண்டு நாட்டிலும் தடைபட்ட பெண் என்று இவர் அவளைக் கிண்டல் செய்வார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு நிஜமாக வேண்டியிருந்தது டிக்டாக் இல்லை, இன்ஸ்டா. திருச்சி வகுப்பில் இவளோடு சேர்த்து ஐந்து தோழிகள். அந்த ஐவருக்கும் ஒரு குழு. அதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. எனக்குத் தெரிந்தது கடிகாரம் மட்டும்தான். கோடையில் சிட்னிக்கும் திருச்சிக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். இவள் மூன்று மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது அங்கே காலை ஒன்பதரை, அவர்கள் பள்ளிக்குள் இருப்பார்கள். அவர்கள் டியூஷன் முடித்து ஏழு மணிக்கு வீடு சேரும்போது இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். நான் போய்ப் பிடுங்குவேன். காலையில் முகம் வீங்கி எழுந்திருப்பாள். வாரத்தில் நாலு நாள் இதே சண்டை.

அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தத் தடை வருகிறது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொல்லிக் கேட்காததை இனிமேல் கவர்மென்ட் சொல்லும்.

தடை வந்த கதையும் ஒரு வீட்டில்தான் தொடங்கியது என்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் முதல்வர் பீட்டர் மலினௌஸ்கஸின் மனைவி, கைப்பேசியும் பிள்ளைகளின் மனநலமும் பற்றி ஜோனதன் ஹைட் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, இதற்கு ஏதாவது செய்யுங்கள் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் முன்னாள் தலைமை நீதிபதி ராபர்ட் பிரெஞ்சிடம் சட்ட வரைவு கேட்டார். பத்திரிகைகளும் பெற்றோர்களும் சேர்ந்துகொள்ள, அது நாடு தழுவிய விஷயமானது. 2024 நவம்பர் 21 அன்று மசோதா வந்தது. அடுத்த வாரமே இரண்டு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. மக்கள் கருத்து சொல்லக் கொடுத்தது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் 15,000 பேர் எழுதினார்களாம். நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும் வல்லுநர்களும் அதற்கு முன்பே, வயதை வைத்துக் கதவடைப்பது மொட்டைக் கத்தியால் அறுவை செய்வது மாதிரி என்ற தொனியில் பிரதமர் ஆல்பனீசிக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அதைக் கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. அப்போது திருச்சியில் இருந்த நானும்தான் இல்லை.

2025 டிசம்பர் 10 முதல் நடைமுறை. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், கிக், ட்விட்ச் என்று பத்து. யூடியூபுக்கு முதலில் விலக்கு கொடுத்துவிட்டு அப்புறம் அதையும் சேர்த்தார்கள். பதினாறு வயது ஆகாதவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்கு 4 கோடியே 95 லட்சம் டாலர் வரை அபராதம். வாட்ஸாப் பட்டியலில் இல்லை. ரோப்லாக்ஸ் என்கிற விளையாட்டும் இல்லை. சின்னவன் வீட்டில் விழித்திருக்கிற நேரமெல்லாம் அதில்தான் இருக்கிறான், அவனை எந்தச் சட்டமும் தொடவில்லை. இது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, பெற்றோர்கள் வராந்தாவில் நிற்போம். நவம்பர் முழுக்க அங்கே இதே பேச்சு. ஒருவர் தன் மகன் யூடியூபில்தான் மிருதங்கப் பாடம் பார்க்கிறான், அதைப் போய் நிறுத்துவார்களா என்று கொதித்தார். கணக்கில்லாமல் பார்க்கலாம், பார்ப்பதற்குத் தடை இல்லை என்று இன்னொருவர் விளக்கினார். அப்புறம் எதற்கு இந்தச் சட்டம் என்று முதலாமவர் கேட்க, யாரிடமும் பதில் இல்லை. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர், பிளாஸ்க்கிலிருந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நாங்கள் வந்த நேரம் ஊரிலயிருந்து ஒரு கடிதம் வர மாசக் கணக்காகும். சில நேரம் வராமலே போயிடும். உங்கட பிள்ளையள் ஒரு நாளைக்குக் கதைக்காட்டி என்ன குறைஞ்சு போகும்?" நானும் தலையாட்டினேன். கொஞ்சம் பொறுத்து அவரே, "ஆனா அந்தக் கடிதம் வராத நேரம் நாங்கள் பட்ட பாடு..." என்று தொடங்கி, முடிக்காமல் கப்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முகத்தைப் பார்த்து வயது சொல்கிற வித்தை எங்கள் வீட்டில் தோற்றுப்போனதாகவும் சொல்ல முடியாது. பெரியவள் பதினான்குதான், பதினான்கு என்றே மாட்டிக்கொண்டாள். திருச்சியில் பன்னிரண்டு வயதில் அத்தை மகள் புண்ணியத்தில் பொய்ப் பிறந்த வருஷம் கொடுத்துத் திறந்த கணக்கு அது. ஆனால் அவள் வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன், இவளைவிட இரண்டு மாதம் சின்னவன், மீசை அரும்பியிருந்ததால் வேறொரு செயலியில் முதல் தடவையிலேயே தப்பித்துவிட்டானாம். அரசு ஏற்பாட்டில் நடந்த தொழில்நுட்பச் சோதனையின் அறிக்கையும், வயது எல்லையை ஒட்டி நிற்கும் பெண்களுக்கும் வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் துல்லியம் குறைகிறது என்று ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் பையன்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே மீசை வரும் என்று அந்த இயந்திரத்துக்கு யார் சொல்வது?

கணக்கு போனது. அன்று இரவு போர்வைக்குள் வெளிச்சம் இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வாட்ஸாப் இருக்கிறதே, அதில் பேசட்டும் என்று எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். ஒரு விஷயம் எனக்கு உறைக்கவில்லை. அந்த நாலு பெண்களுக்கும் சொந்தப் போன் கிடையாது. இன்ஸ்டாவை வீட்டுப் பழைய டேப்லெட்டில் வைஃபையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாட்ஸாப் என்றால் நம்பர் வேண்டும், நம்பர் அம்மாக்களுடையது. ஆக, ஐந்து பெண்களின் ரகசியக் குழு, ஒரு பெண்ணும் நாலு அம்மாக்களும் இருக்கிற குழுவாக மாறிப்போனது. இரண்டு நாள் "ஹாய்", "சாப்ட்டியா" என்று ஓடியது. அப்புறம் ஓய்ந்துவிட்டது.

அடுத்த வாரம் அந்த அம்மாக்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். பள்ளி வாசலில் பார்த்துச் சிரித்த பழக்கம்தான், தில்லைநகரில் அடுத்தடுத்த தெரு. விலைவாசி, வெயில், மார்கழிக் கோலம் எல்லாம் பேசிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணு மெசேஜ் என் போன்ல வந்தது, கண்ணுல பட்டுடுச்சு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல தினமும் லைப்ரரிலதான் தனியா உட்கார்ந்திருக்காளாமே? இங்க என் பொண்ணு அதைப் படிச்சிட்டு ஒரே அழுகை."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை தினமும் மூணேகாலுக்கு அவள் வீட்டுக்குள் நுழையும்போது "எப்படிடி இருந்தது?" என்று கேட்டிருக்கிறேன். "ம், ஓகே." டப்பா காலியாகத்தான் வந்தது. எலுமிச்சை சாதத்தை நூலகத்துக்குள் சாப்பிட விடுவார்களா, வாசல் படியில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவாளா என்று அந்த நேரத்தில் எனக்கு அதுதான் ஓடியது. நாலு தெரு தள்ளியிருக்கிற பள்ளியில் நடந்தது ஒன்பதாயிரம் கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு என் காதுக்கு வந்தது.

நள்ளிரவு பன்னிரண்டரைக்கு அவள் போர்வைக்குள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் போலிருக்கிறது. நான் பிடுங்கியதும் இதைத்தான்.

இதனால் சட்டம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தூக்கம் திரும்பியது, அதை மறைக்க மாட்டேன். அந்தக் குழுவைத் தாண்டி அவள் விரல் போகும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். ஒல்லியாவது எப்படி என்று ஒரு காணொளி பார்த்தால் அடுத்த இருபதும் அதேதான் வரும். இன்றைக்கும் யாராவது கேட்டால் தடை இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். நிரந்தர விசாக்காரிக்கு ஓட்டு இல்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் நான் பார்த்த தொலைக்காட்சி விவாதங்களில் எல்லாம் பிள்ளைகள் போனை வைத்துவிட்டு வெளியே போய்ப் பந்து விளையாடட்டும் என்றார்கள். பிரதமரும் அதையேதான் சொன்னார். வெளியே போனால் கூட விளையாட யாராவது இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு அது. நேற்று விமானத்தில் வந்து இறங்கிய பிள்ளைக்கு அந்த யாராவது போனுக்குள்தான் இருக்கிறார்கள்.

ஜனவரியில் 47 லட்சம் கணக்குகள் போயிருப்பதாக அரசு அறிவித்தது. ரெடிட் இந்தச் சட்டத்தை எதிர்த்து, இங்கே நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருக்கிற ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தது. திருச்சியில் அப்பா, இதே மாதிரி இந்தியாவிலும் சட்டம் கொண்டுவரலாமா என்று யோசிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய அரசுக்குச் சொன்ன செய்தியைப் படமெடுத்து அனுப்பி, "உங்க ஊர் வியாதி இங்கயும் வருது" என்று கீழே எழுதியிருந்தார். வியாதி என்று அவர் சொன்னது தடையையா, போனையா என்று நான் கேட்கவில்லை.

லைப்ரரியைப் பற்றிப் பெரியவளிடமும் நேராகக் கேட்கவில்லை. கேட்டால், ஆன்ட்டி படித்தது தெரிந்துபோகும். மிச்சமிருக்கிற அந்த வழியும் அடைபடும். விடுமுறையில் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தோம், கடற்கரைக்குப் போனோம். திருச்சி ஆன்ட்டியும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமை அங்கே பதினொரு மணி, இங்கே மாலை நாலரை. அவர் போனைத் தன் மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். மற்ற மூவரும் அந்த வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இங்கே அறைக்கதவு சாத்தப்படும். ஒரு மணி நேரம் ஒரே இரைச்சல். சின்னவன் கதவைத் தட்டி அடி வாங்குவான்.

பிப்ரவரியில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது. "எப்படிடி இருந்தது?" "ம், ஓகே."

பொறுக்க முடியாமல் போன வாரம் ஆன்ட்டிக்கே போன் போட்டேன். சுற்றி வளைத்து, இப்போது மத்தியானம் எங்கே உட்காருகிறாள் என்று ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று கேட்டேன்.

"நான் இப்பல்லாம் படிக்கிறது இல்லீங்க," என்றார். "பொண்ணு திட்டுறா."