வெட்டில்லாத மாதம்

மாசி பிறந்தால் என் ஸ்கூட்டரின் சத்தமே மாறிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி, திற்பரப்புப் பக்கம் தார் ரோட்டை விட்டு ரப்பர் தோட்டத்து மண்பாதையில் இறங்கினால், சக்கரத்துக்குக் கீழே கணுக்கால் அளவுக்கு உதிர்ந்த இலை கிடக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அது நொறுங்கும். மார்கழி வரை பகலிலும் இருட்டிக் கிடந்த தோட்டத்தில் வானம் தெரியும். கிளை நுனிகளில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். காலை ஏழு மணிக்கும் பனி விலகியிருக்காது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று அம்மா சொல்வாள். முதுகில் வயலின் பெட்டியோடு அந்தப் பனியில் போகும்போது அது சரிதான் என்று தோன்றும்.

வீடு வீடாகப் போய் வயலின் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாகிறது. என் வீடு தக்கலையில், பத்மநாபபுரம் கோட்டைக்குப் பக்கத்தில். திங்கள், வியாழன் திற்பரப்பு, செவ்வாய் அருமனை, புதன் திருவட்டார். டவுனில் ஒரு அறை எடுத்து, போர்டு வைத்து, பிள்ளைகளை அங்கே வரச்சொல்லலாமே என்று கேட்காத ஆளில்லை. ஆரம்பத்தில் எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மேல்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாயந்தரம் பஸ் கிடைப்பதே பாடு. நானே போனால்தான் அவர்களுக்குப் பாட்டு.

வருஷத்தின் மற்ற மாதங்களில் அந்த வீடுகளுக்குக் காலையில் போக முடியாது. ரப்பர் வெட்டு, அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை, விடியும் முன்பே தொடங்கிவிடும், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். அப்புறம் சிரட்டைகளில் இருந்து பாலை எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடித்துக் காயப்போட்டு முடிக்க மதியமாகும். தை கடைசியில் இலை உதிர்ந்து, புதுத் தளிர் முற்றும் வரை மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். அந்த ஒன்றிரண்டு மாதம் வீட்டில் காலை வேளை கிடைக்கும். காசு கிடைக்காது.

இந்தக் கணக்கு எனக்குப் புரிய மூன்று வருஷம் ஆனது. முதல் வருஷம் மாசியில் ஃபீஸ் வராதபோது, பிள்ளைக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்து ஒரு தாயிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு மூட்டை மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து ஸ்கூட்டரில் வைத்தார். வழி முழுவதும் அந்தக் கிழங்கின் கனம் என் கால்மாட்டில் இருந்தது. இப்போது என் நோட்டில் அந்த மாதங்களுக்கு நேரே 'வெட்டில்லை' என்று எழுதிவிடுவேன், கேட்க மாட்டேன். பங்குனி கழிந்து அவர்களே சேர்த்துத் தருவார்கள். பதினெட்டு வருஷத்தில் தராமல் விட்டவர்கள் ஒருவரும் இல்லை.

திற்பரப்பு வீட்டுப் பையனுக்கு வயது பதினான்கு. சென்ற வருஷ மாசியில் அவன் வில் பிடிக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாயில் சுத்தமாக வரும், வாத்தியத்தில் கீறும். வில்லைக் கம்பியில் போட்டதும் மரம் அறுக்கும் சத்தம். 'அழுத்தாதே' என்பேன். உடனே கையைத் தூக்குவான், சத்தம் காற்றாகிவிடும். 'கொஞ்சம் அழுத்து' என்றால் மறுபடி அறுப்பு. ஆறு மாதம் இதே வார்த்தைகளைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கை வராது என்றுகூட ஒருநாள் மனதுக்குள் முடிவு கட்டினேன்.

வெட்டு நின்றதால் அவனுடைய அப்பா அந்தக் காலைகளில் திண்ணையில் இருந்தார். ரப்பர் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுவார், துணியால் துடைப்பார், மறுபடி தீட்டுவார். பத்து நாள் ஒன்றும் பேசவில்லை. பதினோராவது நாள், "டீச்சர் தப்பா எடுக்கப்பிடாது, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றார். பையனிடம் திரும்பி, "மக்கா, நீ அமுக்கி வெட்டுத மாதிரி இழுக்குத. அமுக்கினா மரம் காயப்படும். தொட்டும் தொடாமலும் போனா பால் வராது. கத்தி அதுக்க கனத்துல போணும். உனக்க கை வழி காட்டினா போரும்" என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பத்து எட்டுதான். ஒரு மரத்தைக் காட்டினார். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டு. அதற்கு மேலே பழைய வெட்டுகள் வளர்ந்து மூடிய பட்டை, இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று இருந்தது. பக்கத்து மரத்தில் அதே இடம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. அவர் வேலை பழகிய காலத்தில் வெட்டியதாம். கத்தி பட்டையைத் தாண்டி உள் மரத்தில் பட்டால், அந்த இடத்தில் புதுப் பட்டை சீராக வளராது. அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. ஒரு தடவை அழுத்தியதை மரம் வருஷக்கணக்காக வைத்திருக்கும் என்றார். வெட்டு நின்ற மரம் என்பதால் கத்தியை வைக்கவில்லை. வெறும் கையால் காற்றில் இழுத்துக் காட்டினார். தோளில் இருந்து தொடங்கி, முழங்கை திறந்து, மணிக்கட்டில் முடிந்தது. நான் என் குருவிடம் மூன்று வருஷம் திட்டு வாங்கிக் கற்ற அதே ஓட்டம்.

திரும்பி வந்து பையன் உட்கார்ந்தான். வயலினின் தலையை வலது பாதத்தில் சாய்த்து, வில்லைக் கம்பியில் வைத்தான். வைத்துவிட்டுச் சும்மா இருந்தான். அதற்கு முன் அவன் அப்படி இருந்ததே இல்லை. வில்லின் கனம் கம்பியில் இறங்கும்வரை காத்திருந்து இழுத்தான். கீழ் ஸட்ஜம் அடுக்களை வரை போனது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அன்றிலிருந்து 'அழுத்தாதே' என்ற சொல்லை விட்டுவிட்டேன். 'வைத்துவிட்டுக் காத்திரு' என்றுதான் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். ரோஸின் பிசின் தேய்த்த குதிரைமுடி கம்பியைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுவதால்தான் நாதம் பிறக்கிறது. அழுத்தினால் விடுவதற்கு இடமில்லை, தூக்கினால் பற்றுவதற்கு ஒன்றுமில்லை. எனக்கு இது தெரியும். தெரிந்ததை அந்தப் பையனின் கைக்குப் புரிகிற பேச்சில் சொல்ல அவனுடைய அப்பாவால்தான் முடிந்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்திருக்கும். சங்கீதம் படித்ததில்லை. ஆனால் பையன் மாயாமாளவகௌளை ராகத்தில் மேலே போகும்போது, நிஷாதம் ஒரு நூல் இறங்கினால், முற்றத்தில் இருந்து, "மேலே முட்டல்ல மக்கா" என்று குரல் வரும். மேல் ஸட்ஜத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். பத்தில் எட்டுத் தடவை அவர் சொல்வது சரியாக இருக்கும். மீதி இரண்டில் நான்தான் ஒருவேளை கவனிக்கவில்லை.

முன்பெல்லாம் வகுப்புக்கு அமைதி வேண்டும் என்பேன். டிவியை நிறுத்துங்கள், மிக்சி போடாதீர்கள், கதவைச் சாத்துங்கள். வீட்டார் பயபக்தியோடு செய்வார்கள். முன்னறையில் நானும் பிள்ளையும் மட்டும். நான் கிளம்பியதும் அந்த அமைதியும் கிளம்பிவிடும். அடுத்த வாரம் வந்தால் பிள்ளை வயலினைத் தொட்டிருக்காது. 'சத்தமா இருந்தது டீச்சர்' என்று சொல்லும். தப்பு அதன்மேல் இல்லை, வீட்டில் ஒருபோதும் இல்லாத ஒன்றை நிபந்தனையாக வைத்தவள் நான். இப்போது நேரே பின்பக்கத் திண்ணைக்குப் போய்விடுவேன். ஒரு பக்கம் தேங்காய் துருவுவார்கள், இன்னொரு பக்கம் இடிச்சக்கை நறுக்குவார்கள், கோழி குறுக்கே போகும். சுருதிப்பெட்டி அதற்கெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அந்தச் சத்தங்களுக்கு நடுவே சுருதியைத் தேடிப் பிடிக்கப் பழகுகிறார்கள். நான் இல்லாத நாளிலும் அந்தச் சத்தங்கள் இருக்கின்றன, சாதகமும் நடக்கிறது.

திற்பரப்பு வீட்டுத் தாத்தா ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இது வெள்ளக்காரனுக்க சாமானம்லா டீச்சரே?" ஆமாம், அங்கிருந்து வந்ததுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைக்காரரிடம் கற்று நம் பாட்டுக்குக் கொண்டுவந்தார். முத்துஸ்வாமி தீட்சிதரின் சீடர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் போனபோது, திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகக் கொடுத்தார். அப்போது நம்முடைய இந்த மண்ணும் அவர் ராஜ்ஜியத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இதைச் சொன்னதும் தாத்தா கொஞ்சநேரம் யோசித்து, "அப்போ நம்ம ராஜா கொடுத்ததுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் அதைச் சாமானம் என்று சொல்லவில்லை, வாத்தியம் என்றுதான் சொல்கிறார்.

அருமனையில் படிக்கும் பெண்ணுக்கு இந்த மாதங்கள் வேறு மாதிரி. தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கினால் சபையில் பாடற்குழுப் பயிற்சி. அங்கே நின்றுகொண்டு, தாடையில் தாங்கி, ஜி டி ஏ இ என்று சுருதி கூட்டி, நோட்டைப் பார்த்து வாசிக்கிறாள். என்னிடம் சம்மணமிட்டு, ஸ ப ஸ ப. இரண்டுக்கும் தனித்தனி வயலின், ஒன்று சபையுடையது. குழம்பிவிடுவாள் என்று பயந்தேன். குழம்பவில்லை. வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு வாசிக்கும்போது மட்டும் கை தானாகக் கமகத்துக்கு, ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு, போய்விடுகிறது என்றாள். தஞ்சாவூர் சரபோஜி மன்னரின் அவைக்கு நெருக்கமாக இருந்தவர் எழுதிய பாட்டு, ராகத்தில்தானே பிறந்தது. போகட்டும், விடு என்றேன்.

மாசியில் எனக்குத் தொந்தரவு தருவது கம்பியை முறுக்கும் பிருடைதான். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழை மாதங்களில் மரம் ஈரம் குடித்து உப்பி, பிருடை திரும்பாது. மாசியில் பகல் காய்ந்துவிடும். பிருடை சுருங்கி நழுவும். ராத்திரி சுருதி கூட்டி வைத்த வயலினை விடிந்ததும் திறந்தால் நான்கு கம்பியும் தொளதொளவென்று தொங்கும், கம்பிகளைத் தாங்கும் குதிரை சாய்ந்து கிடக்கும். பிள்ளை பயந்து அழும். பையில் எப்போதும் ஒரு துண்டுச் சாக்பீஸ் வைத்திருப்பேன். பிருடையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் லேசாகத் தேய்த்து, உள்ளே தள்ளிக்கொண்டே முறுக்கினால் நிற்கும். ஒரு கம்பியைக் கூட்டிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும், நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே நிற்கும் சின்ன மரத்தூண் விழுந்துவிடும். அப்படி விழவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. என்னுடைய முதல் வருஷம், ஒரு ஏழைப் பிள்ளையின் வயலின். அதைச் சரிசெய்து கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் என் வயலினை அதன் வீட்டில் விட்டுவைத்தேன்.

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைவிழா வந்தால் பத்து நாள் பஸ்ஸில் கால் வைக்க முடியாது, ரோட்டிலும் கூட்டம். கடைசி நாள் ஒடுக்கு பூஜை அன்று வகுப்பே கிடையாது. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். காவி உடுத்து, விசிறியோடு, 'கோவிந்தா கோபாலா' என்று பன்னிரண்டு கோயிலுக்கும் ஓடுகிறவர்கள் திற்பரப்பு வழியாகத்தான் போக வேண்டும். பையன் வீட்டிலும் சுக்கு வெந்நீர் போட்டு வாசலில் வைப்பார்கள்.

பங்குனியில் தேன் எடுத்தார்கள். ரப்பர் தளிரில் மூன்று இலையும் காம்பில் சேரும் இடத்தில் இனிப்பு சுரக்கும், பூ வேண்டாம், அதுவே தேனீக்குப் போதும். வீட்டைச் சுற்றி ஏழெட்டு மரப்பெட்டிகள். தாத்தாவுக்கு அந்த வேலை அவருடைய அப்பா காலத்தில் இருந்து. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்பணி தொடங்கிய பிறகு பெட்டியில் தேனீ வளர்ப்பது இந்தப் பக்கம் பரவியது. 1990களின் தொடக்கத்தில் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானதை அவர் இன்னும் சின்னக் குரலில்தான் சொல்வார். அன்று எனக்கும் ஒரு தோர்த்துத் துண்டைக் கொடுத்துத் தலையில் கட்டச் சொன்னார்கள். தேங்காய்க் கதம்பல் புகை, மெழுகு மூடியைச் சீவும் கத்தி, கைப்பிடி சுற்றும் டப்பா. வகுப்பு நடக்கவில்லை. சாயந்தரம் கை கழுவிவிட்டுப் பையன் மலஹரி கீதம் வாசித்தான். விரல் இடுக்கில் இன்னும் ஒட்டல் இருந்திருக்க வேண்டும், இரண்டு இடத்தில் விரல் கம்பியை விட்டு வர மறுத்தது. வில் மறுக்கவில்லை.

மழை ஒன்று பெய்தது, வெட்டு தொடங்கிவிட்டது. வகுப்பு மறுபடி மாலை ஆறு மணிக்கு மாறியது. இரண்டு மாத ஃபீஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள், கூடவே ஒரு பாட்டில் தேன். சாதகம் எப்போது செய்கிறாய் என்று பையனைக் கேட்டேன். அப்பா தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கும்போது தானும் எழுந்துவிடுவதாகச் சொன்னான். பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்து முழு வில் மட்டும் அரை மணி நேரம். முதல் வரிசை மரங்கள் பக்கத்தில்தானே, அப்பாவுக்குக் கேட்கும். எங்காவது கீறினால் இருட்டுக்குள்ளிருந்து ஒரு விசில் வருமாம்.