வளை மண்: ஆய்வக நாட்குறிப்பு

அக்டோபர் 6

தார் பாலைவனத்து ஜெர்பில் (பாலை எலி) வளைகளின் மண் சென்னைக்கு வந்தாயிற்று. வளை தோண்டும் எலி மண்ணை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கத்தான். வளை ஒன்றுக்கு நான்கு பை: வளை வாயிலில் எலி தள்ளிக் குவித்தது, அது தங்கும் கூட்டறையில் சுரண்டியது, ஐந்து மீட்டர் தள்ளி எடுத்த மேல்மண், அதே இடத்தில் கூட்டறை ஆழம் வரை தோண்டி எடுத்தது. நான்காவது பை என்றால் களத்தில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். மணல் சரிந்துகொண்டே இருக்கும், குழியை அகலமாக வெட்ட வேண்டும். ஆனாலும் அதை விட முடியாது. எலி வெளியே தள்ளுவது அடிமண். அதைப் பக்கத்து மேல்மண்ணோடு வைத்துப் பார்த்தால் ஆழத்தின் வேறுபாடெல்லாம் எலியின் கணக்கில் ஏறிவிடும்.

அக்டோபர் 7

இங்கே முதல் எதிரி காற்றின் ஈரம். கோடையில் எடுத்த பாலை மணலில் ஈரம் 1 சதவீதம்கூட இருக்காது. நுண்ணுயிர்களில் பெரும்பகுதி உறக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் தண்ணீர் பட்டதும் கரியமில வாயு குபீரென்று கிளம்பும். 1958இல் இதை விவரித்த பர்ச்சின் பெயராலேயே 'பர்ச் விளைவு' என்கிறார்கள். வெறும் ஈரக்காற்று அந்த அளவுக்குப் போகாது, ஆனால் தொடக்க ஈரத்தின் அளவே மாறிப்போகும். அதனால் பையைத் திறந்ததும் முதல் வேலை, டிஎன்ஏவுக்கான பங்கை மைனஸ் 80 டிகிரிக்கு அனுப்புவது. மீதி டெசிகேட்டருக்குள், அதாவது ஈரம் உறிஞ்சும் மூடிய கலனுக்குள். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் ஓவனில் காயவைத்து மறுபடி போடலாம்.

சலிப்பது 2 மி.மீ. சல்லடையில். வெளிமண் முதலில், கூட்டறை மண் கடைசியில். நடுவில் 70 சதவீத எத்தனால் துடைப்பு. உமி, புழுக்கை, முடி எல்லாம் மேலே தங்கும். அவற்றைக் கொட்டிவிடாமல் தனியாக எடை போட வேண்டும். வளைக்குள் என்ன சேர்ந்தது என்பதற்கு அதுவே கணக்கு. தூசு பறக்கும் வேலை, என்95 முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாது.

அக்டோபர் 9

மண்ணின் நைட்ரஜன்: அம்மோனியம், நைட்ரேட். 10 கிராம் மண், 100 மி.லி. 2 மோலார் பொட்டாசியம் குளோரைடு, ஒரு மணி நேரக் குலுக்கல், பிறகு வடிப்பு. வடிதாளிலேயே அம்மோனியம் ஒட்டியிருக்கும். அதே கரைசலால் முதலில் கழுவாவிட்டால் சுத்தமான மணலும் வளமான மண்ணாகத் தெரியும். எலி மூத்திரத்தின் யூரியாவை யூரியேஸ் நொதி அம்மோனியமாக உடைக்கிறது. மண்ணின் பிஎச் 8ஐத் தாண்டினால் அதில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்துபோகும். மீதியை நுண்ணுயிர் மெல்ல நைட்ரேட்டாக்கும். ஆகவே நைட்ரேட் ஏறி அம்மோனியம் இறங்கியிருந்தால் எலி விட்டுப்போன வளையோ என்று சந்தேகிக்கலாம்; அப்போது களக் குறிப்பைப் புரட்ட வேண்டும். வாயில் புது மண்ணும் கால்தடமும் இருந்தால் குடியிருக்கும் வளை, சிலந்தி வலை கட்டியிருந்தால் காலி. காலி என்று தெரிந்தும் கையை நுழைப்பது மடத்தனம். சுருட்டை விரியனுக்கு அதுவே வீடு.

அக்டோபர் 13

சுவாச அளவீடு, அதாவது மண்ணின் நுண்ணுயிர் விடும் கரியமில வாயுவை அளப்பது. காற்றுப் புகாத ஜாடியில் 50 கிராம் மண், நீர்ப்பிடிப்புத் திறனில் 60 சதவீத ஈரம், அந்த வாயுவை உறிஞ்சச் சிறு குப்பியில் 10 மி.லி. 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, 25 டிகிரி, 24 மணி நேரம். பிறகு பேரியம் குளோரைடு ஊற்றி, பினாப்தலீன் சேர்த்து, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன். மண் இல்லாத ஜாடிக்குச் செலவான அமிலத்திலிருந்து மண் ஜாடியின் அளவைக் கழித்து, நார்மாலிட்டியாலும் 6ஆலும் பெருக்கினால் மில்லிகிராமில் கார்பன்.

இந்த மண்ணுக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. அடியிலிருக்கும் சுக்கான்கல்லை (கால்சியம் கார்பனேட் கல்) எலி மேலே கொண்டுவருகிறது. அந்தக் கார்பனேட் உயிரின் உதவியில்லாமலே கரியமில வாயுவை விடும், வாங்கும். ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் நுண்ணுயிரைக் கொன்ற) அதே மண்ணை இன்னொரு ஜாடியில் வைத்தால்தான் உயிரின் பங்கு எது, கல்லின் பங்கு எது என்று பிரிக்க முடியும்.

அக்டோபர் 21

டிஎன்ஏ. டிஎன்ஏ பிரிக்கும் கிட்டில் சொல்லும் 0.25 கிராம் இந்த மணலுக்குப் போதாது. மூன்று தடவை தனித்தனியாகப் பிரித்து ஒன்றாகச் சேர்ப்பது மேல். மண் போடாத வெற்றுக்குழாய் ஒன்றும் கூடவே ஓட வேண்டும். நுண்ணுயிர் குறைந்த மண்ணில் கிட்டில் ஒட்டிவந்த பாக்டீரியாவே பெரிய ஆளாகத் தெரியும். பாக்டீரியாவை இனங்காட்டும் 16எஸ் மரபணு வரிசைகளில் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் கலந்து வரும், சேமித்த விதையின் உபயம். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் விகிதம் போட வேண்டும். விதைக் கிடங்கின் கதை பூஞ்சையில்தான் இருக்கிறது. பூஞ்சையை இனங்காட்டும் ஐடிஎஸ் டிஎன்ஏ பகுதியைப் படிக்காமல் பாக்டீரியாவோடு நிறுத்தினால் பாதிதான் பார்த்ததாகும்.

அக்டோபர் 24

வளையால் மண்ணுக்கு லாபம் மட்டுமே என்று எழுதிவிடக்கூடாது. பாலை மண்ணின் மேலே சயனோபாக்டீரியா கட்டிய பொருக்கு நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. எலி கிளறினால் அது உடைந்து புதையும். அறைக்குள் நைட்ரஜன் கூடலாம், வாசலைச் சுற்றிக் குறையலாம். அமெரிக்காவில் அரிசோனாவின் போர்ட்டல் அருகே சூழலியலாளர் ஜேம்ஸ் பிரவுன் 1977இல் தொடங்கிய வேலியிட்ட திடல்களில் கங்காரு எலிகளை விலக்கியபோது, புதர் நிலம் 12 ஆண்டுகளில் புல்வெளியாகத் திரும்பியது. செடி மாறினால் வேரடி நுண்ணுயிரும் மாறும். ஆகவே எந்த வளையைச் சுற்றி எந்தச் செடி என்பதும் குறிப்பில் ஏற வேண்டும்.

அக்டோபர் 27

ஒப்பீட்டுக்குத் திருவள்ளூர்ப் பக்கத்து வெள்ளெலி வளைகள். எந்த வளையில் எலி இருக்கிறது, நெல் எந்தக் கிளையில் என்று இருளர்கள் வாயிலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அவர்கள் இல்லாமல் தோண்டினால் அறை இடிந்து மேல்மண்ணும் கூட்டு மண்ணும் கலந்துவிடும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வளைக்குள் தண்ணீர் நிற்கும், நைட்ரேட் அடித்துச் செல்லப்படும். இந்த வாரம் எடுக்காவிட்டால் இனி ஜனவரிக்குப் பிறகுதான்.