பென்சிலால் எழுதிய பெயர்: ஜப்பானில் குடியுரிமை பெற்று முதல் வாக்கைச் செலுத்தியது வரை

2022 அக்டோபரில் நானும் என் மனைவியும் எங்கள் மகளையும் சேர்த்து ஜப்பானியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். 2024 பிப்ரவரியில் அனுமதி வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று நாங்கள் இருவரும் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோம். பத்தாண்டுகளுக்கு மேல் டோக்கியோவில் வேலை செய்து, வரி கட்டி வாழ்ந்தும் இந்நாட்டின் அரசு எப்படி அமைந்திருக்கிறது என்பதை நான் சரியாக அறிந்திருக்கவில்லை. விண்ணப்பத்தோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிய பிறகுதான் அது எனக்கு விளங்கத் தொடங்கியது.

குடியுரிமை வழங்குவது நீதி அமைச்சரின் அதிகாரம். ஆகவே ஹோமுக்யோகு எனப்படும் சட்ட விவகாரப் பணியகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அது மத்திய அரசின் கிளை அலுவலகம். தொடர்ந்து ஐந்தாண்டுகள் வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், பிழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்று குடியுரிமைச் சட்டம் நிபந்தனைகளை வரிசைப்படுத்துகிறது. அரசமைப்பையோ அரசையோ வன்முறையால் கவிழ்க்கத் திட்டமிட்டிருக்கக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. கட்டணம் கிடையாது. ஆனால் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, உடன்பிறந்தோர் விவரம், வரி மற்றும் ஓய்வூதியச் செலுத்துச் சான்றுகள், வெளிநாடு சென்று வந்த நாட்களின் பட்டியல், வீட்டைச் சுற்றியுள்ள இடங்களைக் காட்டும் கைவரைபடம் என்று காகிதங்கள் பெருகிக்கொண்டே போயின. ஊரிலிருந்து தமிழில் வந்த சான்றுகளை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, பெயர்த்தவரின் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். ஏன் குடியுரிமை வேண்டும் என்ற விளக்கத்தைக் கணினியில் தட்டச்சு செய்து தர முடியாது. சொந்தக் கையால் எழுத வேண்டும். அந்த ஒரு பக்கத்தை நான் ஐந்து முறை திருப்பி எழுதினேன்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் தலைப்பெழுத்தாக நிற்கும், அவ்வளவே. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பாவின் பெயர் இருந்ததால், இத்தனை ஆண்டுகளும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். குடியுரிமை கிடைத்ததும் கொசெகி என்ற குடும்பப் பதிவேடு புதிதாக உருவாகும். அதில் குடும்பப் பெயர் கட்டாயம். அதைவிட முக்கியமாக, கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் தாங்க வேண்டும் என்கிறது ஜப்பானிய உரிமையியல் சட்டத்தின் 750ஆம் பிரிவு. யாருடைய பெயரை எடுத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். ஆனால் ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். திருமணத்துக்குப் பிறகும் என் மனைவி தன் அப்பாவின் பெயரையே தலைப்பெழுத்தாக வைத்திருந்தவர். ஒரு வாரம் யோசித்துவிட்டு, என் அப்பாவின் பெயரையே, அயல்மொழிப் பெயர்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். அவர் விட்டுக்கொடுத்தது சிறிய விஷயமில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தச் சட்டப்பிரிவை மாற்ற வேண்டுமா என்பது நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகளாக ஓயாத விவாதம். மாற்ற வேண்டும் என்பதே என் எண்ணம்.

நேர்காணலும் நீண்ட காத்திருப்பும் கழிந்து, அரசிதழில் எங்கள் பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் வெளியாயின. சட்டப்படி அந்த வெளியீட்டு நாளிலிருந்துதான் குடியுரிமை நடைமுறைக்கு வருகிறது. உறுதிமொழி எடுக்கும் விழா எதுவும் இல்லை. அரசமைப்பையும் சட்டங்களையும் பின்பற்றுவேன் என்ற உறுதிமொழியை விண்ணப்பிக்கும்போதே அதிகாரி முன்னால் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தோம். வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழந்துவிடுகிறார் என்பதால், இந்தியத் தூதரகத்தில் பழைய கடவுச்சீட்டுகளை ஒப்படைத்தோம். அன்று மாலை வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

அடுத்து எங்கள் வட்ட அலுவலகம். டோக்கியோவின் 23 சிறப்பு வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த தலைவரும் மன்றமும் உண்டு. ஏறக்குறைய நம் மாநகராட்சிகளைப் போல. குடும்பப் பதிவேட்டைத் திறப்பதும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் வாங்குவதும் நாடாளுமன்றத் தேர்தலை நடத்துவதும் நாட்டின் பணிகளாயிற்றே, இவற்றை உள்ளாட்சி ஏன் செய்கிறது என்று அங்கே எனக்கு ஐயம் எழுந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: சட்டத்தின் வழியே உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகள் என்று இவற்றுக்குத் தனி வகையே இருக்கிறது. 2000ஆம் ஆண்டுக்கு முன்பு ஆளுநரும் மேயரும் இத்தகைய பணிகளில் மத்திய அமைச்சகங்களின் கீழ்நிலை முகவர்களாகவே நடத்தப்பட்டார்கள். அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த அதிகாரப் பரவல் சட்டம் அந்த ஏற்பாட்டை ஒழித்தது. பதிவேட்டுக்குரிய முகவரியாக ஜப்பானுக்குள் எந்த இடத்தையும் கொடுக்கலாம் என்று எழுத்தர் சொன்னார். பேரரசரின் அரண்மனை முகவரியைக் கொடுத்து வைத்திருப்பவர்களும் உண்டாம். நாங்கள் குடியிருக்கும் வீட்டையே கொடுத்தோம்.

எங்களுக்கு வந்த முதல் வாக்குரிமை டோக்கியோ ஆளுநர் தேர்தலுக்கானது. 2024 ஜூலை 7 அன்று நடந்த அத்தேர்தலில் 56 பேர் போட்டியிட்டார்கள். சுவரொட்டிப் பலகையில் 48 கட்டங்கள்தான் இருந்ததால், மிஞ்சியவர்கள் தங்கள் சுவரொட்டிகளைப் பலகையின் ஓரத்தில் தனியே இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே ஆளுநர் என்பவர் மத்திய அரசு அனுப்பி வைக்கும் நியமனக்காரர் அல்லர். 47 மாகாணங்களிலும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். பிரதமரை மட்டும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த வேறுபாட்டை அக்டோபரில்தான் முழுதாக உணர்ந்தேன்.

அக்டோபர் 1 அன்று பிரதமரான இஷிபா ஷிகெரு ஒன்பதாம் தேதியே கீழவையைக் கலைத்தார். சில நாட்களில் வாக்குச்சாவடி நுழைவுச் சீட்டு அஞ்சலில் வந்தது. காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு. ஆறே முக்காலுக்கே நான் அந்தத் தொடக்கப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு முதியவர் மட்டும் இருந்தார். முதலில் வாக்களிப்பவருக்குப் பெட்டி காலியாக இருப்பதைத் திறந்து காட்டிவிட்டுப் பூட்டுவது இங்குள்ள வழக்கம். அவர் குனிந்து உள்ளே பார்த்துத் தலையசைத்தார். அவர் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் அச்சிடப்பட்டிருக்காது, சின்னமும் கிடையாது. நாமே பென்சிலால் பெயரை எழுத வேண்டும். ஊரில் பொத்தானை அழுத்தி, விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பிய எனக்கு இது முற்றிலும் புதிது. எழுதுமிடத்தில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தும், எழுத்தை மாற்றி எழுதிவிடுவேனோ என்று கை சற்று நடுங்கியது. சீட்டு சாதாரணக் காகிதமல்ல. பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனால் ஆன செயற்கைத் தாள். மடித்துப் போட்டாலும் பெட்டிக்குள் தானாக விரிந்துகொள்ளும் என்பதால் எண்ணுவது எளிது. முதல் சீட்டு தொகுதி உறுப்பினருக்கானது. கீழவையின் 465 இடங்களில் 289 இடங்கள் இப்படி நிரப்பப்படுகின்றன. இரண்டாவது விகிதாச்சாரத்துக்கானது, அதில் கட்சியின் பெயரை எழுத வேண்டும். நாட்டை 11 வட்டாரங்களாகப் பிரித்து 176 இடங்களைக் கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதத்தில் பகிர்கிறார்கள். டோக்கியோ வட்டாரத்துக்கு 19. அந்தத் தேர்தலில் இரண்டு கட்சிகள் ஒரே சுருக்கப் பெயரைப் பதிவு செய்திருந்தன. அந்தச் சுருக்கத்தை மட்டும் எழுதிய வாக்குகள், இரு கட்சிகளும் தெளிவாகப் பெற்ற வாக்குகளின் விகிதத்தில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தொகுதியில் தோற்றவர் விகிதாச்சாரப் பட்டியல் வழியே அவைக்குள் வந்துவிட முடியும் என்பது மட்டும் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது சீட்டை நான் எதிர்பார்க்கவே இல்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேரின் பெயர்கள் அதில் அச்சிடப்பட்டிருந்தன. பதவியில் நீடிக்க வேண்டாம் என்று கருதுபவரின் பெயருக்கு மேல் பெருக்கல் குறி இட வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். வட்டம் போன்ற வேறு குறி எதை இட்டாலும் வாக்கு செல்லாது. இதுவரை இம்முறையில் எந்த நீதிபதியும் நீக்கப்பட்டதில்லை. என்றாலும் தீர்ப்பு எழுதுபவர்களின் பெயர்களைக் குடிமக்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்கச் செய்யும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. முன்கூட்டியே வீட்டுக்கு வந்திருந்த அறிக்கையை நான் ஒழுங்காகப் படிக்காமல் போனேன். அடுத்த முறை செல்பவர்கள் அதைப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

ஆளுங்கூட்டணி 215 இடங்களே பெற்றது. பெரும்பான்மைக்கு 233 வேண்டும். ஆகவே நவம்பர் 11 அன்று பிரதமரைத் தேர்வு செய்யக் கூடிய கீழவையில் முதல் சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக, முதல் இரண்டு இடங்களில் வந்தவர்களுக்கிடையே இரண்டாம் சுற்று நடந்தது. தொலைக்காட்சியில் பார்த்தபோது, உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறித் தாங்கள் பெயர் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். அதில் தங்கள் சொந்தப் பெயரும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் வாக்கிலிருந்து வேறுபட்டது. இஷிபாவுக்கு 221, முக்கிய எதிர்க்கட்சியின் தலைவர் நோதா யோஷிஹிகோவுக்கு 160. மற்ற பெயர்களை எழுதிய சீட்டுகள் உள்ளிட்ட 84 வாக்குகள் செல்லாதவையாயின. மேலவை வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இறுதியில் கீழவையின் முடிவே நிற்கும் என்கிறது அரசமைப்பின் 67ஆம் பிரிவு. அன்று இரவே அரண்மனையில் பேரரசர் பிரதமரை நியமித்தார். அரசமைப்பின்படி அவர் நாட்டின் சின்னம். நாடாளுமன்றம் குறித்த பெயரை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அடுத்த நுழைவுச் சீட்டு 2025 ஜூலையில் மேலவைத் தேர்தலுக்காக வந்தது. அங்கே விகிதாச்சாரச் சீட்டில் கட்சியின் பெயரையும் எழுதலாம், அதன் பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரையும் எழுதலாம். மனைவி கட்சியின் பெயரை எழுதினார். நான் ஒரு வேட்பாளரின் பெயரை எழுதினேன். இம்முறை கை நடுங்கவில்லை.