கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடுங்கள்

நல்ல வாத்தியாரைக் கண்டுபிடிக்க அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார் என்று பாருங்கள். 1970களில் அமெரிக்க வகுப்பறைகளில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ இதை அளந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் பொறுத்தார்கள். 3 விநாடி பொறுத்த இடங்களில் பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது.

ஆனால் கேள்வி அதற்குத் தகுந்ததாக இருக்கணும். "தாமிரபரணி எங்கே உற்பத்தியாகுது?" என்றால் முன்பெஞ்சு "பொதிகை" என்று கத்தும், கதை முடிந்தது. "நம்ம ஆத்துல ஆடியிலயும் வெள்ளம் வருது, ஐப்பசியிலயும் வருது, ஏம்லே?" என்று கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்வதையும், வடகிழக்குப் பருவமழை கீழேயும் பெய்வதையும் பிள்ளை இணைத்துப் பார்க்க நேரம் வேண்டும். (பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு இந்தக் காத்திருப்பு வீண், சத்தம்தான் கூடும்.)

கேள்வி, இடைவெளி, அப்புறம்தான் பெயர். பெயரை முதலில் சொன்னால் 40 பேரில் 39 பேர் நிம்மதியாகிவிடுவார்கள். பதில் வந்ததும் இன்னொரு 3 விநாடி. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: உடனே "வெரிகுட்" என்றதும், பின்பெஞ்சுக்காரன் வாயில் இருந்த மறுப்பு உள்ளேயே போய்விடும்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுது சார்" என்ற கோரஸில் ஒரு தகவலும் இல்லை. கடைசி 5 நிமிடம் அரைத்தாளில் ஒரே கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். சரி, பாதி, தப்பு என மூன்று கட்டாகப் பிரியுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். தப்புக் கட்டு கனமாக இருந்தால், மறுநாள் பாடம் அங்கிருந்துதான்.