மீதியும் சிஷ்டமும்

மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்தில் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு எண்: 381654729.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு நம் வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் தமிழில், கணக்கு வாத்தியாரான மாஷோ மலையாளி. வகுத்தபின் மிஞ்சுவதை நாங்கள் 'மீதி' என்போம், அவர் மலையாளத்தில் 'சிஷ்டம்' என்பார். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து ஜன்னலை அறையும்போது இரண்டும் காதில் விழாது.

அப்படி ஒரு நாளில்தான் அந்தப் புதிரைப் போட்டார். 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே தடவை வர வேண்டும். முதல் இரண்டு இலக்கம் இரண்டால் வகுபடணும், முதல் மூன்று மூன்றால், முதல் நாலு நாலால், இப்படியே ஒன்பது வரை. கண்டுபிடித்தால் வகுப்புக்கே நேந்திரங்காய் சிப்ஸ்.

ஒன்பது இலக்கங்களை மாற்றி மாற்றி அடுக்கினால் 3,62,880 எண்கள். எல்லாவற்றையும் வகுத்துப் பார்க்க யாரால் முடியும்? ஐந்தாவது இடத்தில் 5தான் என்பது உடனே தெரிந்தது. இரட்டைப்படை இடங்களில் இரட்டை எண், அப்புறம் மிச்ச இடங்களில் ஒற்றை எண். ஒற்றை எண்ணுக்குப் பின்னால் நின்று நாலால் வகுபட 2 அல்லது 6தான் உண்டு: 12, 16, 32, 36 என்று பாருங்கள். எட்டாவது இடத்துக்கும் அதே கதி. ஆக 4ம் 8ம் இரண்டாவது, ஆறாவது இடங்களுக்குப் போயின. முதல் மூன்றும் முதல் ஆறும் மூன்றால் வகுபடுவதால், நாலாவது முதல் ஆறாவது வரை கூட்டினாலும் மூன்றால் வகுபட வேண்டும். எனவே நடுவில் 258 அல்லது 654. எட்டின் நிபந்தனையையும் போட்டு அலசியதில் பத்தே பத்து எண்கள் மிஞ்சின. எனக்கு இன்றும் இந்த இடம்தான் பிடிக்கும், விடையைவிட.

பாக்கி ஏழின் நிபந்தனை மட்டும். பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒன்று. ஏழுக்கு மாஷ் சொல்லித்தந்த வழி: கடைசி இலக்கத்தை இரட்டித்து மிச்ச எண்ணிலிருந்து கழி, அதையே திரும்பச் செய். எனக்கு வந்தது 3816547. 381654இல் 14 போனால் 381640. நான் வேண்டாத இடத்தில் கடன் வாங்கி 381630 என்று எழுதினேன். முடிவில் 36. வகுபடவில்லை. மற்ற ஒன்பதும் வகுபடவில்லை. "அப்படி ஒரு எண்ணே கிடையாது மாஷே" என்று எழுந்து சொன்னதும் நான்தான்.

மாஷ் சிரித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் ஒன்றுமே சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் பெஞ்சருகே வந்து, "மோனே, ஒரிக்கல் கூடி செய்து நோக்கு" என்றார், இன்னொரு தடவை செய்து பார் என்று. 381640, சைபரை விட்டால் 38164. அப்புறம் 3808, 364, 28. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வகுப்பு மொத்தமும் என்னைத்தான் பார்த்தது. சிப்ஸ் இரண்டு நாள் தள்ளிப்போனது என்னால்தானே!

பலகையில் 381654729 என்று பெரிதாக எழுதினார். நிபந்தனைக்குப் பொருந்துவது இது ஒன்றுதான். அப்புறம் சாக்கட்டியை எடுத்துக் கடைசியில் ஒரு சைபர் போட்டு, "பத்தாலும் போகும்" என்றார். விட்டுப்போன இலக்கம் அது ஒன்றுதான்.