எந்தப் பக்கத்துப் பறவை: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜனவரி 17

தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு வந்ததும், எல்லைக்கு இப்பால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எனக்கு வேலை கூடிவிடுகிறது. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் உறவினர் வீடு போனவர்கள், போகும்போதும் வரும்போதும் பார்த்ததையெல்லாம் இ-பேர்டு என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறார்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு மாதத்தில் எந்தப் பறவை எத்தனை வரை தென்படலாம் என்று அதில் ஒரு வடிப்பான் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டுகிற பதிவு தானாக நின்று, என்னைப் போன்ற சரிபார்ப்பாளரின் பார்வைக்கு வருகிறது. வடிப்பான் மாவட்ட எல்லையை ஒட்டி அமைவதால், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அப்பால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பறவை, இப்பால் நான்கு தென்னந்தோப்பு தள்ளி வந்து அமர்ந்தால் அரியதாகிவிடுகிறது.

இன்றைய வரிசையில் முதலாவது, வேலந்தாவளம் அருகே 14 கள்ளிப்புறாக்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தில் இது வெகு சாதாரணம்; கேரளத்திலோ கிழக்கோரத்து வறண்ட நிலங்களைத் தாண்டினால் காண்பது அரிது. பதிந்தவர் ஒரு கல்லூரி மாணவர். அவர் அனுப்பிய படத்தில் பிடரியின் கறுப்புப் பட்டை தெளிவாகத் தெரிகிறது, ஆனால் அது மட்டும் போதாது. வீடுகளில் கூண்டில் வளர்க்கும் வெளிர்நிறப் புறாவுக்கும் அதே பட்டை உண்டு. கூண்டிலிருந்து தப்பியது ஒரு மாநிலத்தின் பறவைக் கணக்கில் ஏறக் கூடாது. காட்டுப் புறாவின் இறக்கை நுனி கருத்திருக்கும், வளர்ப்புப் புறாவுக்கு அது வெளிறியிருக்கும். குரலிலும் வேறுபாடு உண்டு: கள்ளிப்புறா மூன்று அசையாக, நடு அசையை அழுத்திக் கூவும். இறக்கை தெரியும் படமோ, கைப்பேசியில் பதிந்த குரலோ இருந்தால் அனுப்புமாறு எழுதினேன். கூடவே, வரைபடத்தில் அவர் வைத்த புள்ளி எல்லையிலிருந்து சில நூறு மீட்டரே தள்ளியிருப்பதால், நின்ற இடம் எது என்றும் கேட்டேன்.

ஜனவரி 18

மாணவரின் பதில் விடியுமுன்பே வந்துவிட்டது. "கூண்டுப்புறா சத்தம் எங்க அம்மிச்சிக்கே தெரியுமுங்க சார்" என்று தொடங்கி, குரல் பதிவையும், மின்கம்பியிலிருந்து புறாக்கள் பறந்தெழும் படத்தையும் இணைத்திருந்தார். மூன்று அசை, கருத்த இறக்கை நுனி. கைப்பேசி பதிந்த நடைத்தடம் முழுவதும் பாலக்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏற்றுக்கொண்டேன். 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துப் பறவை வரைபடம் தயாரித்தபோது எங்கள் கிழக்குப் பகுதியின் வறண்ட நிலத்துப் பறவைகளும் முறையாகக் கணக்கில் வந்தன. அதன்மேல் இத்தகைய பதிவுகள் ஆண்டுதோறும் சேர்ந்தால்தான் இந்தப் பறவை மேற்கே பரவுகிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பின்னால் சொல்ல முடியும்.

பிற்பகலில் ஒரு பெண் பூனைப்பருந்தின் படம் வந்தது, பின்புறமாக, தொலைவில். மாண்டேகு பூனைப்பருந்து என்று எழுதியிருக்கிறார்கள். கழுத்தும் முகமும் தெரியாமல் வெளிர் பூனைப்பருந்து இல்லை என்று விலக்க வழியில்லை. இரண்டில் ஒன்று என்று மாற்றிப் பதியலாம் எனச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 20

நெல்லியாம்பதியிலிருந்து நீலகிரி சிரிப்பான் என்று ஒரு பதிவு. படத்தைத் திறக்குமுன்பே ஐயம் எழுந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் அகலத்தில் 30, 40 கிலோமீட்டர்தான் என்றாலும், சோலைகளை விட்டு இறங்காத பறவைகளுக்கு அது கடல்; அதற்கு வடக்கே நீலகிரி சிரிப்பான், தெற்கே பழனி சிரிப்பான் எனப் பிரிந்து வாழ்கின்றன. நெல்லியாம்பதி கணவாய்க்குத் தெற்கே இருக்கிறது. படத்தில் மார்பு சாம்பல் நிறம், செம்மை வயிற்றில்தான். பழனி சிரிப்பானே. பதிந்தவர் உடனே ஒப்புக்கொண்டு திருத்திவிட்டார். இடத்தைக் கொண்டே இனத்தைத் தீர்ப்பது சரியா என்று ஒரு நண்பர் அடிக்கடி வாதிடுவார். படத்தைப் பார்க்காமல் தீர்ப்பது தவறு என்பதே என் கருத்து. இடம் கேள்வியை எழுப்பலாம், பதிலைப் பறவைதான் தர வேண்டும்.

ஜனவரி 21

பூனைப்பருந்துக்காரர் கோபமாக எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளாகப் பறவை பார்ப்பவரிடம் சாட்சி கேட்பதா என்கிறார். அவருடைய பட்டியலை நான் அழிக்கவில்லை. அவர் கணக்கில் அது அப்படியே இருக்கும், பொதுத் தரவில் மட்டும் வராது. இதை விளக்கிவிட்டு, காட்டுச் சிறு ஆந்தையின் கதையையும் எழுதினேன்.

1884-க்குப் பின் எவரும் சேகரித்திராத அந்த ஆந்தையை, 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் தாம் பிடித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு பாடம் செய்த உடலைச் சேர்த்துவைத்திருந்தார். புகழ்பெற்ற பெயர் என்பதால் அதன் சீட்டை ஐயப்பட யாருக்கும் தோன்றவில்லை. தேடியவர்களும் குஜராத்தை நம்பினார்கள். அது 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த உடல், திருடிப் புதுச் சீட்டுக் கட்டப்பட்டது என்பதைப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் பின்னர் கண்டறிந்தார். பொய்யான இடத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய, உண்மையான இடங்களின் வழியே போனபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாடா அருகே அந்த ஆந்தை உயிரோடு கிடைத்தது. பறவையின் பெயர் அந்தச் சீட்டில் சரியாகவே இருந்தது, இடம்தான் பொய். அனுபவமிக்கவர் என்பதற்காகக் கேள்வியை விட்டுவிட இயலாது என்பதைச் சொல்லவே இதை எழுதினேன், அவரை அந்த மனிதரோடு ஒப்பிட அல்ல என்றும் ஒரு வரி சேர்த்தேன். மூத்தவர்; மனம் புண்படக் கூடாது.

ஜனவரி 24

பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது. அங்கே வண்டியில் போகச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக் காட்டைக் கடந்தாக வேண்டும். அணை கேரளத்தில், அதை இயக்குவது தமிழ்நாடு என்னும்போது பறவைக்கு மட்டும் ஏன் குழப்பம் இருக்கக் கூடாது? காலையில் டாப்சிலிப்பில் வழிகாட்டியோடு நடந்து, பிறகு பரம்பிக்குளம் பேருந்தில் ஏறிய ஒரு தம்பதி, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் பரம்பிக்குளத்தின் பெயரில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் இலைமறைவில் பகல் தூக்கத்திலிருந்த ஓர் இலங்கைத் தவளைவாயன். இனத்தில் ஐயமே இல்லை, அழகான படம். ஆனால் கேமராவில் இடக்குறிப்பு இல்லை. எந்த மாநிலத்தில் எடுத்தோம் என்பது அவர்களுக்கும் நினைவில்லை.

பட்டியலைச் சோதனைச்சாவடியில் இரண்டாகப் பிரித்துத் தரும்படியும், பரம்பிக்குளத்துக்குள் நுழையும் இடமான ஆனப்பாடியில் கொடுத்த நுழைவுச்சீட்டு இருந்தால் அதில் அச்சான நேரத்தை அனுப்பும்படியும் கேட்டிருக்கிறேன். கேமராவின் கடிகாரத்தையும் நம்ப முடியாது; ஆகவே அதே கேமராவை இப்போது ஒரு கைப்பேசிக் கடிகாரத்தின் முன் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஜனவரி 26

சீட்டு கிடைத்துவிட்டது: 11.20. கேமரா பதினைந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. தவளைவாயன் படத்தின் நேரம் 10.48, அதாவது உண்மையில் 10.33. பறவை தமிழ்நாட்டுக்குரியது. பதிவைக் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு மாற்றி, அந்தப் பக்கத்துச் சரிபார்ப்பாளருக்குச் சீட்டின் படத்தோடு அனுப்பிவைத்தேன்.